சங்கத்தின் சார்பில் ருசி பார்த்தவன்

சூரிச்சில் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கக் கிளை ஒன்றைத் தொடங்கியபோது மொத்தம் நான்கு பேர் இருந்தோம். தலைவர், உபதலைவர், செயலாளர் என்று மூன்று பதவிகளைப் பிரித்த பிறகு ஒருவர் மிஞ்சினார். வெறும் உறுப்பினராக இருக்க மாட்டேன் என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் அவரைப் போஷகர் ஆக்கினோம். ஆக, எண்பதுகளின் நடுவில், லாங்ஸ்ட்ராஸ வீதிக்குப் பின்தெருவில், இரண்டு கட்டில் போட்ட ஓர் அறையில், சாதாரண உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத ஒரு சங்கம் உதயமானது. நான் செயலாளர். நால்வரிலும் இளையவன் நான்தான். கூட்டக் குறிப்பு எழுதுவது, தேநீர் போடுவது, கதவு தட்டினால் எழுந்து திறப்பது எல்லாம் இளையவன் வேலை என்பது கல்லூரி வழக்கம்.

தலைவர் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். கல்லூரி என்று பெயரே தவிர அது பள்ளிக்கூடம்தான்; அங்கே அவர் சீனியர் பிரிஃபெக்ட், அதாவது மாணவர் தலைவர்களுக்கெல்லாம் தலைவர். பிந்தி வருகிறவர்களை வாசல் படலையில் மறித்து வெயிலில் நிறுத்துவது அவருடைய கடமை. என்னையும் நிறுத்தியிருக்கிறார். உபதலைவர் எங்கள் கிரிக்கெட் அணியின் கப்டன். போஷகர் பௌதிகத்தில் பரிசு வாங்கியவர்.

இந்த நால்வரும் ஆற்றங்கரையில் இருந்த பெரிய உணவகம் ஒன்றின் நிலவறையில் தட்டுக் கழுவினோம். அந்த இடத்தை அங்கே அப்வாஷ் என்பார்கள். முதலில் அதில் புகுந்தவன் நான். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த வேலை அதுதான். ஒருவன் உள்ளே போனால் அடுத்த இடம் காலியாகும்போது தன் கல்லூரிக்காரன் ஒருவனை இழுத்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அப்படி நான் கப்டனை இழுத்தேன், கப்டன் போஷகரை இழுத்தார், கடைசியாகத் தலைவர் வந்து சேர்ந்தார்.

அவர் வந்த முதல் நாளே அப்வாஷின் அரசியல் அமைப்பு மாறிவிட்டது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் எச்சில் தட்டைச் சுரண்டி உள்ளே தள்ள வேண்டும். மற்றப் பக்கம் சூடாக வெளியே வருவதை எடுத்து அடுக்க வேண்டும். எட்டு மாத அனுபவத்தில் நான் சுத்தமான பக்கத்துக்கு உயர்ந்திருந்தேன். தலைவர் படியிறங்கி வந்து நின்றதும் என் கால் தானாக நகர்ந்து எச்சில் பக்கம் போய்விட்டது. யாரும் சொல்லவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வரிசை கல்லூரி வகுப்பு வரிசைப்படி அமைந்தது.

தலைமைச் சமையல்காரரான ஷெஃப், பேர்ண் நகரப் பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். கதவளவு அகலமான மனிதர். வேகமாக வேலை செய்கிறவன் எச்சிலிலும், மெதுவாக வேலை செய்கிறவர் சுத்தத்திலும் நிற்பது அவருக்கு விளங்கவேயில்லை. இரண்டு முறை இடம் மாற்றிவிட்டார். அவர் முதுகைத் திருப்பியதும் நாங்கள் பழையபடி நின்றோம்.

இந்த நேரத்தில் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்டு மலருக்காக, வெளிநாட்டுக் கிளைகள் தங்கள் உறுப்பினர்கள் எட்டிய உயர்வுகளை எழுதி அனுப்ப வேண்டுமாம். லண்டன் கிளையில் டொக்டர்களும் கணக்காளர்களும் இருந்தார்கள். எங்களிடம் நான்கு சோடி நனைந்த கைகள் இருந்தன. செயலாளர் என்ற முறையில் நான் யோசித்து எழுதினேன்: “எமது தலைவர் சூரிச் மாநகரின் பிரபல உணவகமொன்றில் சமையற்கலைத் துறையில் பொறுப்பு வகிக்கிறார்.” போஷகரைப் பற்றி, “நவீன நீராவி இயந்திரங்களை இயக்கும் பிரிவில் பணியாற்றுகிறார்” என்றேன். அது முழு உண்மை. தலைவர் வாசித்துப் பார்த்தார், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார், கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதம் போன இரண்டாவது கிழமை ஷெஃப் என்னை மேலே சமையலறைக்குக் கூப்பிட்டார்.

எனக்குள்ளே ஓர் ஆசை இருந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த அடுப்பு வேண்டும். கூலிக்காக அல்ல, கௌரவத்துக்காகவும் அல்ல. தட்டுகளை மேலே கொண்டுபோகும்போதெல்லாம் நான் அங்கே நின்று பார்ப்பேன். வெங்காயம் வெண்ணெயில் நிறம் மாறுகிற கணத்தில் ஷெஃப் வைனை ஊற்றுவார், ஒரு சத்தம் எழும்பும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு அன்றைய நாள் நிறைந்துவிடும். வீட்டில் நான் ஒரு முட்டை பொரித்தது கிடையாது. ஆனாலும் என் கைக்கு உரிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ட்ராமில் போகும்போது மனதுக்குள்ளே ரோஸ்ட்டி என்கிற துருவிய உருளைக்கிழங்கு அடையைப் புரட்டிப் பழகுவேன்.

ஷெஃப் சொன்னார், “உதவிச் சமையல்காரன் போகிறான். திங்கட்கிழமையிலிருந்து நீ அடுப்பில்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

“எனக்கு முதல் இன்னொருவர் இருக்கிறார். அவர்தான் எங்களில் பெரியவர்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பத்து வருடம் கல்லூரியில் சீனியருக்கு வழிவிட்டுப் பழகிய உடம்பு அது. பெரியவர் என்றால் கூடுதலாகச் சமைக்கத் தெரிந்தவர் என்று ஷெஃப் நினைத்திருக்க வேண்டும். தோளைக் குலுக்கிவிட்டு, “சரி, அவர் வரட்டும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உணவகம் பூட்டு. சங்கக் கூட்டம் கூடியது. கட்டிலில் தலைவரும் உபதலைவரும், எதிர்க் கட்டிலில் போஷகர், தரையில் நான். கப்டன் சொன்னார், “உது கடவுள் தந்த வழி. மலரிலை எழுதினதும் உண்மையாப் போச்சு.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்குச் சமைக்கத் தெரியாதே?”

“விடுதிச் சாப்பாட்டை நீங்கள்தானே ருசி பாத்துச் சொல்லுறனீங்கள் அண்ணை,” என்றார் போஷகர். “மேற்பார்வை எண்டிறதும் சமையலிலை ஒரு பகுதிதான்.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உன்னைத்தானே முதல் கேட்டவராம். உனக்கு ஒண்டும் இல்லையே?”

“இல்லை அண்ணை. நீங்கள் இருக்கேக்கை நான் எப்பிடி?” என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் செயலாளர். குறிப்புப் புத்தகத்தில் என் கையாலேயே அதை எழுதினேன். எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது.

திங்கட்கிழமை தலைவர் வெள்ளைத் தொப்பியுடன் அடுப்பில் நின்றார். பார்வைக்கு ஷெஃப்பைவிட எடுப்பாகத்தான் இருந்தார். ஆனால் உருளைக்கிழங்கைத் துருவச் சொன்னால் விரலைத் துருவினார். புரட்டச் சொன்னால் பாதி ரோஸ்ட்டி அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. இதெல்லாம் பழகினால் வந்துவிடும். உண்மையான சிக்கல் இரண்டாம் நாள் தெரிந்தது.

அந்த உணவகத்தின் பேர்போன சாப்பாடு, மெல்லிசாக நறுக்கிய கன்றுக்குட்டி இறைச்சியை வெள்ளை வைனும் கிரீமும் விட்டு ஆக்குவது. அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இறைச்சி வெந்துவிடும். மத்தியானத்துக்கு முன்பு அதன் குழம்பை ஆயத்தமாக்கி வைப்பது உதவியாளர் வேலை. ஆக்கியவன் ருசி பார்க்க வேண்டும். எங்கள் தலைவரோ பரம்பரைச் சைவம். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் பட்டதில்லை. வெள்ளிக்கிழமையில் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார். அவர் கன்றுக்குட்டிக் குழம்பை வாயில் வைப்பதா?

அன்று ஷெஃப் அந்தக் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு முழுச் சட்டியையும் கவிழ்த்தார். உப்பே இல்லையாம். அடுத்த நாள் ஆக்கியதையும் கவிழ்த்தார். உப்பு மட்டும்தான் இருந்ததாம்.

அவசரக் கூட்டம் கூடியது. மூன்று நாளில் தலைவரைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் எல்லோருமே சைவக்காரர்கள்தான் என்றாலும், தலைவரைத் தவிர மற்ற மூவரும் மீன், கோழி என்று வழியில் சில சமரசங்கள் செய்திருந்தோம். மாடு மட்டும் யாரும் தொட்டதில்லை. கப்டன் கையைக் கட்டிக்கொண்டார். போஷகர், நிறத்தையும் ஆவியையும் வைத்து உப்பைக் கணிக்க முடியுமா என்று ஆராய்ந்தார். கடைசியில் மூவரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் நான் இருந்தேன்.

தீர்மானத்தின் வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம். “தலைவர் ஆக்கும் குழம்பைச் சங்கத்தின் சார்பில் ருசி பார்க்கச் செயலாளருக்கு அதிகாரம் வழங்கப்படுகிறது. அதனால் விளையும் பாவம் நால்வரிடையேயும் சமமாகப் பகிரப்படும்.” பாவத்தைப் பகிரும் பகுதியைச் சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு, ஷெஃப் காலைச் சிற்றுண்டிக்குப் போன சமயம், தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். தலைவர் கரண்டியை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நக்கினேன். பூமி பிளக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது. அந்த விவரத்தைச் சங்கத்துக்கு நான் அறிவிக்கவில்லை.

“என்ன காணாது?” என்றார் தலைவர் மெதுவாக.

“உப்புக் கொஞ்சம். எலுமிச்சம் புளி ரெண்டு சொட்டு விடுங்கோ அண்ணை. நெருப்பைக் குறையுங்கோ.”

அன்று ஷெஃப் சட்டியைக் கவிழ்க்கவில்லை. ஒரு கிழமையில் தலையாட்டினார். ஒரு மாதத்தில் தலைவரின் முதுகில் தட்டினார். அதற்குள் தலைவர் கரண்டியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, வெங்காயம் வதக்குவதிலிருந்து கிரீம் விடுவதுவரை நான்தான் செய்தேன். உருளைக்கிழங்கும் என் கைக்கு வந்துவிட்டது. ஷெஃப் திரும்பி வரும் காலடி கேட்டதும் தட்டுகளை வாரிக்கொண்டு கீழே ஓடுவேன். அந்தப் பத்து நிமிடம் எனக்குச் சொர்க்கம். மிச்ச நேரம் முழுவதும் கீழே எச்சில் பக்கத்தில் நின்றுகொண்டு, மேலே தலைவர் வாங்குகிற பாராட்டைக் காது கொடுத்துக் கேட்பேன். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் மேல் வந்தது அதைவிடப் பெரிசு.

மூன்றாம் மாதம் ஷெஃப் ஒரு செய்தி சொன்னார். உதவி என்பதை எடுத்துவிட்டு அடுப்புக்கு நிரந்தரமாக ஒருவரை எடுக்கப்போகிறார்களாம். தலைவர் முதலாளியம்மாவுக்கு முன்னால் தனியாகச் சமைத்துக் காட்ட வேண்டும். சரிவந்தால் இடம் அவருக்கே. அதற்குப் பிறகு இன்னும் சில வருடத்துக்கு அந்த அடுப்பில் வேறு ஆளுக்கு இடமில்லை.

குறித்த நாளில் முதலாளியம்மா முத்துமாலையும் குட்டை நாயுமாக வந்து அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் தட்டுகளைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் படியில் கப்டனும் போஷகரும் ஒருவரின் தோளுக்கு மேலால் மற்றவர் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் ஒன்றும் பிழைவிடவில்லை. மூன்று மாதமாக என் கையையே பார்த்துக்கொண்டு நின்றவர், பார்த்ததை அப்படியே செய்தார். குழம்பு சரியான நிறத்துக்கு வந்தது. கரண்டியில் எடுத்து ஷெஃப்பிடம் நீட்டினார்.

ஷெஃப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “முதலில் நீ. தான் ருசி பார்க்காததை என் சமையலறையிலிருந்து யாரும் வெளியே அனுப்புவதில்லை.”

கரண்டி தலைவரின் உதட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து நின்றது. அந்தக் கரண்டி உள்ளே போனால் என் அடுப்பு போயிற்று. அவருடைய சைவத்தைக் காப்பாற்றும்படி அந்தக் கணத்தில் நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டதுபோல் அவரே வேண்டியிருக்க மாட்டார். மூன்று மாதமாகக் கன்றுக்குட்டி தின்றவனின் வேண்டுதலைப் பிள்ளையார் எப்படிக் கேட்டாரோ தெரியாது.

தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கல்லூரி மண்டபத்தின் கடைசி வரிசை வாங்குவரை கேட்கும் அந்தப் பழைய குரலில் கூப்பிட்டார்.

“செயலாளர்! இஞ்சை வா.”

போனேன். நாய் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கியது.

“ருசி பார்.”

“அண்ணை, இப்ப நான்…”

“சீனியர் சொல்லுறன். பார்.”

பார்த்தேன். உப்புக் காணாது. கை தானாகப் போட்டது. எலுமிச்சம் புளி விட்டேன், நெருப்பைக் குறைத்தேன், சட்டியை ஒரு சுழற்றுச் சுழற்றினேன். தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் ஒன்றுதிரட்டி ஷெஃப்பிடம் சொன்னார்.

“நான் சமையல்காரன் இல்லை. இவன் சமையல்காரன். மூன்று மாதம், எல்லாம் இவன்.”

ஷெஃப் என்னைப் பார்த்தார். “அப்படியென்றால் நான் கேட்ட அன்று ஏன் இவரைக் காட்டினாய்?”

“இவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்குத் தலைவர்,” என்றேன்.

“அங்கே இவருக்கு என்ன வேலை?”

“பிந்தி வருகிறவர்களைப் பிடிக்கிறது.”

ஷெஃப் அதை நன்றாக யோசித்தார். “இங்கே யாரும் பிந்தி வருவதில்லையே,” என்றார். முதலாளியம்மா அதற்குள் கரண்டியால் மூன்றாம் முறை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு என்னைக் கையால் காட்டினார். திங்களிலிருந்து அடுப்பு எனக்கு.

உடுப்பு மாற்றும் அறையில் தலைவர் ஏப்ரனை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கோபமோ அண்ணை?”

“ஏன்டா கோபம்? உனக்கு அது வேணுமெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“தெரியுமோ?”

“ஓம். கூட்டத்திலை நீ குறிப்பு எழுதேக்கை உன்ரை கையைப் பாத்தனான். தெரிஞ்சும் எடுத்தனான்.” மடித்ததை உதறிவிட்டு மறுபடியும் மடித்தார். “அகதி விசாரணைக்குப் போனால் நான் ஒரு இலக்கம். ட்ராமிலை எனக்குப் பக்கத்துச் சீற்று எப்பவும் காலி. கீழை நிண்டால் ரெண்டு கை. நீங்கள் மூண்டு பேரும் அண்ணை எண்டு எழும்பி நிக்கேக்கைதான் நான் ஆரெண்டு எனக்கே ஞாபகம் வாறது. நீ விட்டுத் தந்தாய். வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. “மூக்கைத் துடை,” என்றார் தலைவர். “பிரிஃபெக்டுக்கு முன்னாலை நிக்கிற நிலை உதே?”

திங்கட்கிழமை மத்தியானம் உணவகம் நிரம்பி வழிந்தது. என் இரண்டு கையும் சொன்னதைக் கேட்டன. ஒன்று மட்டும் முடியவில்லை. கழுவிய தட்டு தீர்ந்துவிட்டால் சமையல்காரன் படியருகே திரும்பி நின்று கீழே பார்த்துக் கத்த வேண்டும். எல்லாச் சமையலறையிலும் அதுதான் வழக்கம். கீழே நிற்பவர் தலைவர். அவரைப் பார்த்து நான் எப்படிக் கத்துவது? முதல் தடவை அடுப்பை விட்டுவிட்டு நானே இறங்கிப்போய்த் தட்டுகளைத் தூக்கி வந்தேன். இரண்டாம் தடவையும் போனேன். ஒவ்வொரு தடவையும் அடுப்பில் ஒரு ரோஸ்ட்டி கருகியது. ஷெஃப், என் ஊர் எது என்று விசாரித்துவிட்டு, அந்த ஊரையும் சேர்த்துத் திட்டினார்.

மூன்றாம் தடவை தலைவர் நனைந்த ஏப்ரனோடு படியில் என்னை மறித்தார்.

“எங்கை வாறாய்?”

“தட்டு அண்ணை…”

“கூப்பிடுறதுக்கு என்ன?”

“உங்களை எப்பிடி அண்ணை நான்…”

“மேலை போ. போய் நிண்டு கூப்பிடு. இது என்ரை ஓடர்.”

ஏறிப்போய் நின்றேன். “அண்ணை, தட்டு,” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“கேக்கேல்லை!” என்றது கீழே இருந்து குரல்.

“அண்ணை! தட்டு!”

“கேக்கேல்லை!”

வெட்கத்தை எல்லாம் சேர்த்துப் பிடித்து ஒரு கத்துக் கத்தினேன். சாப்பாட்டு மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட ஒருகணம் நின்றதாகப் பரிமாறுகிறவன் பிறகு சொன்னான்.

“வாறன், ஷெஃப்!” என்று பதில் வந்தது.

ஷெஃப் திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் என்று நினைத்திருப்பார். தலைவர் மார்பு உயரத்துக்குத் தட்டுகளைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார், அவரைத் தாண்டிப் போனார், என் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் அடுக்கி வைத்தார். அன்று நான் கருக விட்ட ரோஸ்ட்டி அந்த இரண்டுதான்.